மேஜையில் ஓட்டை போட்ட மேடம் க்ளிக்கோ

கார் ரேஸ் முடிஞ்சதும் ஜெயிச்சவர் மேடையில் நின்று ஒரு பெரிய பாட்டிலைக் குலுக்கி எல்லார் மேலேயும் பீய்ச்சி அடிப்பாரே, பார்த்திருப்பீங்க. ஷாம்பெயின்னு சொன்னா நம்மில் பல பேருக்கு அந்த நுரை மட்டும்தான் ஞாபகம் வரும். ஆனா அந்த ஒயின் ஏன் அவ்வளவு தெளிவா இருக்குன்னு யோசிச்சிருக்கோமா? அதுக்குப் பின்னாடி 200 வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த ஒரு பெண் இருக்கிறார். அவர் இன்ஜினியரிங் படித்தவர் இல்லை. ஆனா அவர் தீர்த்து வைத்தது அசல் ப்ராசஸ் இன்ஜினியரிங் பிரச்சனை.

பேர் பார்ப்-நிக்கோல் பொன்சார்டின். 1777 டிசம்பரில் பிரான்ஸ் நாட்டின் ரீம்ஸ் நகரில் பிறந்தார். ரீம்ஸ் இருப்பது ஷாம்பெயின் என்ற பகுதியில். ஆமா, ஷாம்பெயின் என்பது முதலில் ஊர்ப் பேர், அப்புறம்தான் ஒயினோட பேர். அப்பா பெரிய ஜவுளி வியாபாரி. பிரெஞ்சுப் புரட்சி வெடித்தபோது இவருக்கு 11 வயசு. பணக்காரக் குடும்பங்களுக்கு அது ஆபத்தான நேரம். அப்பா சாமர்த்தியமாகப் புரட்சிக்காரர்கள் பக்கம் சாய்ந்து குடும்பத்தைக் காப்பாற்றினார். பின்னாடி நெப்போலியன் காலத்தில் அதே ஊருக்கு மேயராகவும் ஆனார்.

1798-ல் பிரான்சுவா க்ளிக்கோவோடு கல்யாணம். மாமனார் ஃபிலிப் க்ளிக்கோ 1772-ல் ஒரு ஒயின் கம்பெனி தொடங்கியிருந்தார். பூஸி, வெர்ஸனே போன்ற கிராமங்களில் குடும்பத்துக்குத் திராட்சைத் தோட்டங்களும் இருந்தன. இந்த இடங்களின் மண்தான் அந்த ஒயினோட பலம். கீழே சுண்ணாம்புப் பாறை. மழைத் தண்ணியை ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சி வைத்து, வெயில் காலத்தில் வேருக்குக் கொடுக்கும். குளிரான ஊர் என்பதால் பழம் மெதுவாகத்தான் பழுக்கும், புளிப்பும் குறையாமல் நிற்கும். அங்கே அதிகம் விளைவது பினோ நுவார் என்ற கருப்புத் திராட்சை. தோல்தான் கருப்பு, உள்ளே சாறு வெளிறித்தான் இருக்கும். தோலோடு ஊறவிடாமல் மெதுவாகப் பிழிந்தால் கருப்புப் பழத்திலிருந்தே வெள்ளை ஒயின் எடுக்கலாம்.

கணவனும் மனைவியும் அந்த ஒயின் வியாபாரத்தைப் பெருசாக்க ஆசைப்பட்டார்கள். ஆனா 1805-ல் பிரான்சுவா காய்ச்சலில் இறந்துபோனார். அப்போது பார்ப்-நிக்கோலுக்கு 27 வயசு, கையில் ஆறு வயசு மகள். பிள்ளையை இழந்த மாமனார் கம்பெனியை மூடிவிடலாம் என்று முடிவு பண்ணிட்டார்.

இங்கேதான் கதையே திரும்புது. அன்றைய பிரெஞ்சுச் சட்டப்படி கல்யாணமான பெண் கணவன் அனுமதி இல்லாமல் ஒப்பந்தம் போட முடியாது, தனியாக வியாபாரம் நடத்த முடியாது. கல்யாணம் ஆகாத பொண்ணு அப்பாவோட கட்டுப்பாட்டில். சொந்தக் கையெழுத்தில் கம்பெனி நடத்தும் சுதந்திரம் நடைமுறையில் ஒரே ஒரு வகைப் பெண்ணுக்குத்தான் கிடைத்தது. அது விதவைக்கு. வாழ்க்கையின் பெரிய இழப்புதான் அவருக்கு அந்தக் கதவைத் திறந்தது. மாமனாரிடம் பேசி, கம்பெனியைத் தானே நடத்தச் சம்மதம் வாங்கினார். ஒரு நிபந்தனை, அனுபவமுள்ள அலெக்ஸாண்டர் ஃபூர்னோவோடு நாலு வருஷம் கூட்டாகத் தொழில் கத்துக்கணும். ஒருவகையில் அதுதான் அவரோட டிகிரி. 1810-ல் அந்தக் கூட்டு முடிந்ததும் தன் பேரிலேயே கம்பெனியைத் தொடர்ந்தார். பேர் வெவ் க்ளிக்கோ பொன்சார்டின். வெவ் என்றால் பிரெஞ்சில் விதவை.

டைமிங் இதைவிட மோசமா இருந்திருக்க முடியாது. நெப்போலியனின் போர்கள், கடலில் பிரிட்டன் முற்றுகை, துறைமுகங்கள் மூடல். ஒயின் பாதாள அறையில் கிடக்குது, வாங்குற நாடுகளுக்குப் போக வழியில்லை. 1811-ல் வானத்தில் ஒரு பெரிய வால் நட்சத்திரம் தெரிந்தது, அந்த வருஷத் திராட்சையும் அருமையா அமைஞ்சது. அந்த ஒயினை அவர் பத்திரமாக வைத்திருந்தார். 1814-ல் நெப்போலியன் வீழ்ந்தார். வணிகத் தடைகள் முழுசா நீங்குவதற்கு முன்பே, போட்டிக் கம்பெனிகளுக்குத் தெரியாமல், 10,000-க்கும் மேற்பட்ட பாட்டில்களைக் கப்பலில் ஏற்றினார். கூடவே போனவர் அவருடைய விற்பனையாளர் லூயி போன். கப்பல் போய்ச் சேர்ந்த கோனிக்ஸ்பெர்க் துறைமுகத்திலேயே மக்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். ரஷ்யாவில் அவர் பேர் பிரபலமாச்சு.

ஆர்டர் குவியுது. ஆனா சப்ளை பண்ண முடியலை. ஏன்?

ஷாம்பெயின் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது முறை நொதிக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடு விடும். வெளியே போக வழியில்லாத அந்த வாயுதான் குமிழி. உள்ளே அழுத்தம் சுமார் 6 அட்மாஸ்பியர் வரை ஏறும், கார் டயரில் இருப்பதைப் போல ரெண்டு மூணு மடங்கு. வேலை முடிந்ததும் செத்த ஈஸ்ட் வண்டலாகத் தங்கி ஒயினைக் கலக்கும். அதை எடுக்க அப்போதிருந்த ஒரு வழி, தெளிந்த ஒயினை வேறு பாட்டிலுக்கு மாற்றி ஊற்றுவது. ஊற்றினால் குமிழியும் போகும், ஒயினும் வீணாகும், நேரமும் இழுக்கும். இதுதான் அவரோட பாட்டில்நெக், நிஜமாகவே பாட்டிலின் கழுத்தில்!

1816 வாக்கில் விடை கிடைத்தது. ஒரு மேஜையில் வரிசையாகச் சாய்ந்த ஓட்டைகள் போட்டு, பாட்டில்களைக் கழுத்து கீழே இருக்கும்படி செருகுவது. வாரக்கணக்கில் தினமும் ஒவ்வொரு பாட்டிலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவது. வண்டல் மெல்லச் சரிந்து கார்க் பக்கம் வந்து சேரும். அப்போது கார்க்கை எடுத்தால், உள்ளே இருக்கும் அழுத்தமே வண்டலை வெளியே தள்ளிவிடும். குறைந்த அளவை நிரப்பி மூடினால் போதும். பிரச்சனையாக இருந்த அழுத்தத்தையே வேலைக்கு வைத்துக்கொண்டார், பாருங்க! வெட்டியது அவர் வீட்டுச் சமையலறை மேஜை என்று சொல்வார்கள். இதில் பாதாள அறைத் தலைவர் அந்துவான் முல்லருக்கும் பங்கு உண்டு. போட்டியாளர்களுக்குத் தெரியாமல் சில வருஷம் ரகசியம் காத்தார்கள், அப்புறம் ஊரே அதைப் பின்பற்றியது. இன்று நூற்றுக்கணக்கான பாட்டில்களை ஒரே நேரத்தில் மெஷின் திருப்புது. தத்துவம் மட்டும் அதேதான்.

1818-ல் பூஸி தோட்டத்துச் சிவப்பு ஒயினைக் கலந்து ரோஸ் ஷாம்பெயின் செய்தார். அதுக்கு முன்னால் எல்டர்பெர்ரி பழச்சாறு சேர்த்துதான் நிறம் கொண்டுவந்தார்கள்.

ஆனா ஒரு விஷயம் உறுத்துது. மகள் க்ளெமென்டினைத் தொழிலுக்குள் கொண்டுவரவில்லை, ஒரு பிரபுவுக்குக் கட்டிக்கொடுத்தார். கம்பெனி கடைசியில் எட்வார்ட் வெர்லே என்ற ஊழியர் கைக்குப் போனது. நெருக்கடி காலத்தில் கம்பெனியைக் காப்பாற்றியவர் அவர், தகுதியானவர்தான். இருந்தாலும் தனக்குக் கிடைத்த கதவு மகளுக்குத் திறக்கவில்லை. அவர் வாழ்ந்த உலகத்தில் அது எவ்வளவு குறுகலான கதவு என்பதுக்கு இதுவே சாட்சி.

அவர் மறுகல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. செய்திருந்தால் சட்டப்படி கையெழுத்து மறுபடியும் கணவன் கைக்குப் போயிருக்கும். 1866 ஜூலையில், 88 வயசில், பூர்சோவில் இருந்த தன் மாளிகையில் காலமானார். சட்டம் அவருக்கு ஒட்டிய விதவை என்ற லேபிளை, அவர் எடுத்து பாட்டிலில் ஒட்டிவிட்டார். இன்றும் அது அங்கேதான் இருக்கு.