அம்மாவுக்கு பச்சை வாழைமட்டையில் கொள்ளி வைத்த துறவி... திருவொற்றியூர் பட்டினத்தார் யார்?

மே மாதம் 2வது ஞாயிறு அன்னையர் தினம். 1908ல் அமெரிக்காவின் கிராஃப்டன் நகரில் அன்னா ஜார்விஸ் தன் அம்மாவின் நினைவாக தொடங்கியது, 1914ல் அரசு அறிவிப்பாகி, இன்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வரை வந்துவிட்டது. ஆனா நம்மூரில் அம்மா பாசம் என்றதும் பெரியவங்க சொல்லும் பெயர் பட்டினத்தார். அவர் அடங்கிய இடம், வியாசர்பாடியில் இருந்து சில கிலோமீட்டர் தள்ளி திருவொற்றியூர் கடலோரத்தில்தான் இருக்கிறது.

யார் இவர்?

காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் வணிகம் செய்த பெரும் பணக்காரர். இயற்பெயர் திருவெண்காடர். பிள்ளை இல்லாததால் திருவிடைமருதூரில் கிடைத்த மருதவாணனை வளர்த்தார். கப்பலேறி வியாபாரத்துக்கு போன அந்த பையன் கொண்டுவந்ததோ வரட்டி மூட்டை! கூடவே ஒரு பெட்டி. உள்ளே காதில்லாத ஊசியும் ஓர் ஓலையும். சாகும்போது எதுவும் கூட வராது என்பதுதான் சேதி. அன்றே எல்லாத்தையும் விட்டுட்டு கோவணத்தோடு கிளம்பிவிட்டார் என்கிறது வழிவழியாக வரும் கதை.

சொந்த ஊரிலேயே பிச்சை எடுத்தது அக்காவுக்கு அவமானம். விஷம் வைத்த அப்பத்தை கொடுக்க, இவர் அதை வீட்டு கூரையில் செருக, கூரை பற்றி எரிந்ததாம்.

சொத்து, மனைவி, ஊர் எல்லாம் விட்டவரால் ஒன்றை மட்டும் விட முடியவில்லை. துறவிக்கு ஈமச்சடங்கு செய்யும் உரிமை கிடையாது. ஆனாலும் எங்கே இருந்தாலும் வந்து கொள்ளி வைப்பதாக அம்மாவிடம் வாக்கு கொடுத்திருந்தார். வந்தார். உறவினர்கள் அடுக்கிய விறகை ஒதுக்கிவிட்டு, பச்சை வாழைமட்டையை அடுக்கி, 10 பாடல்கள் பாடி தீ மூட்டினார். ஈர மட்டை எரிந்ததா என்பது அவரவர் நம்பிக்கை. கவனிக்க வேண்டியது அந்த பாட்டுகளைத்தான். உடம்பே பொய் என்று பாடித் தள்ளியவர் இங்கே, தன்னை சுமந்து பெற்று வளர்த்த உடம்பில் எப்படி நெருப்பு வைப்பேன் என்று கதறுகிறார். ஞானி காணாமல் போய் மகன் மட்டும்தான் நிற்கிறான். தமிழ்நாட்டில் அம்மா இறந்த வீடுகளில் இந்த பாடல்களை பாடும் வழக்கம் இன்றும் உண்டு.

ஒருவரா, இருவரா?

பதினோராம் திருமுறையில் 5 நூல்கள் பட்டினத்தார் பெயரில் உள்ளன. அவர் 10ம் நூற்றாண்டுக்காரர், எளிய தமிழில் சித்தர் பாட்டு பாடியவர் பல நூற்றாண்டு பிந்தியவர் என்கிறார்கள் ஆய்வாளர்கள். மக்கள் மனதில் ஒருவர்தான். அதுவும் 1962ல் வந்த படத்தில் நடித்த டி.எம்.சௌந்தரராஜன் முகத்தோடு!

திருவொற்றியூரில் என்ன நடந்தது?

கையில் இருந்த பேய்க்கரும்பு எங்கே இனிக்கிறதோ அங்கேதான் முக்தி என்று அலைந்தவருக்கு அது இனித்தது இந்த கடற்கரையில். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் தன்னை கூடையால் மூடச் சொன்னாராம். திறந்து பார்த்தால் லிங்கம். ஆடி மாதம் உத்திராட நட்சத்திரத்தில் அங்கே அவருக்கு குருபூஜை நடக்கிறது.