சக்கர நாற்காலியில் ஒரு சர்ஜன்

பழனி மலைக்கோயிலுக்குப் படியேற முடியாதவங்களுக்கு விஞ்ச் இருக்கு, ரோப் கார் இருக்கு. பாலசமுத்திரம் பக்கத்துல இருந்து நம்ம காலேஜுக்கு வர்றவங்க எல்லாருக்கும் இது தெரியும். ஆனா நடக்கவே முடியாதவங்க நிலைமையை எப்பவாவது யோசிச்சிருக்கீங்களா? அதை யோசிச்ச ஒருத்தரைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. அவர் பேர் டாக்டர் மேரி வர்கீஸ்.

1925-ல் கொச்சியில் பிறந்தவர். வேலூர் சி.எம்.சி-யில் மருத்துவம் படித்து, அங்கேயே வேலையும் பார்த்தார். மகப்பேறு மருத்துவம்தான் அவர் விருப்பம். 1954-ல் சக டாக்டர்களோடு வெளியே போனபோது கார் கவிழ்ந்தது. முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, இரண்டு கால்களும் செயலிழந்தன. அப்போ அவருக்கு வயசு முப்பதுகூட ஆகலை.

அங்கே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்துவந்தவர் டாக்டர் பால் பிராண்ட். நம்ம கொல்லிமலையில் பிறந்தவர்தான். கை ஆபரேஷனை உட்கார்ந்தே செய்யலாமே என்று மேரிக்கு வழி காட்டினார். கால் போனாலும் கை இருக்கே! சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே மேரி மற்றவர்களின் விரல்களைச் சரிசெய்தார்.

அதோட நிறுத்திக்கலை. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் தனக்கான பயிற்சி எடுத்தார். அப்புறம் நியூயார்க் போய், மறுவாழ்வு மருத்துவத்தையே படித்தார். திரும்பி வந்து 1963-ல் சி.எம்.சி-யின் மறுவாழ்வு மருத்துவத் துறைத் தலைவரானார். 1966-ல் வேலூரில் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெற ஒரு நிலையம் திறக்கப்பட்டது. இன்றைக்கு அது அவர் பேரில்தான் இயங்குது. 1972-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1986-ல் காலமானார்.

இப்போ நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம். இன்னைக்கு நடைப்பயிற்சிக்கு ரோபோ வந்தாச்சு. நோயாளிக்கு பெல்ட் மாட்டி மேலிருந்து கயிற்றில் தாங்குவாங்க. 60 கிலோ எடை உள்ளவருக்கு 40 சதவீதம் தாங்கினா, கால்களுக்கு 36 கிலோதான் மிச்சம். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு கொஞ்சம் ஏறி இறங்குமில்லையா? சென்சார் அதைக் கவனிக்கும், மோட்டார் கயிற்றின் இழுவிசையை உடனே சரிசெய்யும். கால் தேறத் தேற, தாங்குற எடையைக் குறைச்சுக்கிட்டே வருவாங்க. பக்கவாதம் வந்தவங்க, முதுகுத்தண்டில் ஓரளவு நரம்புத் தொடர்பு மிச்சம் இருக்கிறவங்க மாதிரி ஆட்களுக்குத்தான் இது முக்கியமா பயன்படும்.

மேரிக்கு நடந்தது வேற. அவர் கால்கள் திரும்பவே இல்லை. ஆனா வாழ்க்கை திரும்பியது. மறுவாழ்வுன்னா நடக்க வைக்கிறது மட்டும் இல்லை. படுக்கையிலிருந்து தானே நாற்காலிக்கு மாறுறது, வேலைக்குப் போறது, நாலு பேரோட பழகுறது எல்லாமே அதில் அடக்கம். மெஷின் செய்யுற நாம இதை மறந்துடுறோம். லட்சக்கணக்கில் செலவழிச்சு நடக்க வைக்கிற ரோபோ செய்யலாம், தப்பில்லை. ஆனா அவர் வீட்டு வாசல்ல சாய்தளம் இல்லைன்னா வெளியே எப்படி வருவார்?

ஜூனியர்ஸ், அடுத்த வருஷம் ப்ராஜெக்ட் டாபிக் தேடும்போது, முதல்ல பக்கத்து ஆஸ்பத்திரியில் இருக்கிற பிசியோதெரபி பிரிவுக்கு ஒரு தடவை போய்ட்டு வாங்க. அங்கே இருக்கிறவங்ககிட்ட என்ன வேணும்னு கேளுங்க. சர்க்யூட் போடுறதை அப்புறம் பார்த்துக்கலாம்.