தோல்வியையும் ஏற்ற தலைவர்

அடிமைத் தளையை அறுத்த ஆபிரகாம் லிங்கனை அறியாதார் இல்லை. ஆனால் அவர் தேர்தல்களில் தோல்வியும் கண்டவர் என்பதை நம்மில் பலர் அறியோம். அவ்வரலாற்றை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

லிங்கன் 1809ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் கென்டக்கியில் ஒரு மரக்குடிசையில் பிறந்தார். ஒன்பது வயதில் அன்னையை இழந்தார். அவர் பள்ளி சென்ற நாள்களையெல்லாம் கூட்டினாலும் ஓராண்டு நிறையாது. தாமே நூல்களைப் படித்து வழக்கறிஞரானார். 1832இல் இல்லினாய் மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். 1834இல் மீண்டும் நின்று வென்றார்.

அப்போது அவர் விக் கட்சியைச் சேர்ந்தவர். அடிமை முறை புதிய பகுதிகளுக்கும் பரவலாமா என்ற கேள்வியால் அக்கட்சி சிதைந்தது. அதைப் பரவவிடக் கூடாது என்று 1854இல் தோன்றியது குடியரசுக் கட்சி. லிங்கன் அதில் சேர்ந்தார்.

1858இல் செனட் சபை இடத்திற்காக ஜனநாயகக் கட்சியின் ஸ்டீபன் டக்ளசை எதிர்த்தார். இருவரும் ஏழு ஊர்களில் மக்கள் முன் வாதிட்டனர். அந்நாளில் செனட்டரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. மாநிலச் சட்டமன்றமே தேர்ந்தெடுத்தது. மக்களிடம் டக்ளஸ் கட்சியைவிட லிங்கனின் கட்சி கூடுதல் வாக்குகள் பெற்றும், சட்டமன்றத்தில் டக்ளசுக்கு 54, லிங்கனுக்கு 46 என்றே அமைந்தது. மனம் வருந்தினாலும் லிங்கன் முடிவை ஏற்றார்.

1860இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு நால்வர் போட்டியிட்டனர். அமெரிக்காவில் அப்பதவிக்கு மக்கள் வாக்கின் மொத்தக் கூட்டல் கணக்கில்லை. ஒவ்வொரு மாநிலத்திற்கும் உரிய தேர்வாளர்களின் வாக்கே கணக்கு. ஜனநாயகக் கட்சி இரண்டாகப் பிளந்து நின்றது. லிங்கன் மக்கள் வாக்கில் நூற்றுக்கு நாற்பது அளவே பெற்றார். ஆயினும் 303 தேர்வாளர்களில் 180 பேரைப் பெற்று வென்றார். முன்பு அவரைத் தோற்கடித்ததும் சட்டம். இப்போது உயர்த்தியதும் சட்டம். ஆனால் தென் மாநிலங்கள் இம்முடிவை ஏற்கவில்லை. அவர் பதவி ஏற்கும் முன்பே ஏழு மாநிலங்கள் பிரிந்தன. 1861 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் மூண்டது.

1864இல் போர் நடந்துகொண்டிருந்தபோதும் லிங்கன் தேர்தலைத் தள்ளிவைக்கவில்லை. தாம் தோற்பதே உறுதி என அந்த ஆகஸ்டில் எண்ணினார். புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படுபவருடன் ஒத்துழைப்பது தம் கடமை என்று ஒரு தாளில் எழுதி மடித்தார். அமைச்சர்கள் அதைப் படிக்காமலே அதன்மீது கையொப்பமிட்டனர். செப்டம்பரில் அட்லாண்டா நகர் வீழ்ந்தது, நிலைமை மாறியது. 233 வாக்குகளில் 212 பெற்று லிங்கன் மீண்டும் வென்றார்.

1865 ஏப்ரல் 14, பெரிய வெள்ளி இரவு, நாடக அரங்கில் அவர் சுடப்பட்டார். மறுநாள் காலை உயிர் நீத்தார். அவர் பாடுபட்ட அரசியலமைப்புத் திருத்தம் அவ்வாண்டு டிசம்பரில் நிறைவேறி, அடிமை முறை ஒழிந்தது.

பத்தாம் வகுப்பில் பயிலும் எங்களுக்கு வாக்குரிமை வர இன்னும் மூன்று ஆண்டுகள் உள்ளன. அதற்குள் வகுப்புத் தலைவி தேர்தலிலும் விளையாட்டுப் போட்டியிலும் தோல்வியை ஏற்கப் பழகலாம் அல்லவா? வென்ற தோழிக்கு முதலில் கைகொடுப்பவர்களாக நாம் இருப்போம்.