பாலைவனப் பாதையில் இப்னு பதூதா

உலகம் சுற்றிய முஸ்லிம் பெருமக்களை எண்ணும்போது முதற்கண் நம் நினைவுக்கு வருபவர் இப்னு பதூதா (ரஹ்) அவர்கள். மொராக்கோவிலிருந்து சீனம் வரை அவர்கள் கண்ட நாடுகளைப் பற்றிப் பள்ளிப் பாடங்களில் நீங்கள் படித்திருப்பீர்கள். நம் தமிழ் மண்ணிலும் அவர்களின் பாதம் பட்டதுண்டு. 1340-களில் இலங்கையிலிருந்து வந்த கப்பல் சோழமண்டலக் கரையருகே சேதமுற, உயிர் தப்பி மதுரை சுல்தானிடம் சென்று சேர்ந்தார்கள்.

எனினும், அவர்களின் வாழ்வில் நம்மிடையே அதிகம் பேசப்படாத பகுதி ஒன்றுண்டு. சகாராப் பாலைவனத்தை ஒட்டகக் கூட்டத்தோடு கடந்து சென்ற வரலாறே அது. வணிகர்கள் திரளாகக் கூடிச் செல்வதைச் சாத்து என்று நம் முன்னோர் அழைத்தனர். உப்பும் பொன்னும் கைமாறிய அந்தப் பழம்பெரும் பாதையிலே சாத்தின் உயிர் எதை நம்பி நின்றது என்பதை அறிந்துகொள்வது நமக்கும் பயனளிக்கும்.

கண்ணீரோடு தொடங்கிய பயணம்

மொராக்கோ நாட்டின் தான்ஜியர் நகரில், மார்க்கச் சட்டம் பயின்ற காஜிகளின் குடும்பத்தில், 1304ஆம் ஆண்டு இப்னு பதூதா பிறந்தார்கள். 1325ஆம் ஆண்டு ஜூன் மாதம், 21 வயதில், ஹஜ்ஜுக் கடமையை நாடித் தனியே வீட்டை விட்டுப் புறப்பட்டார்கள். பெற்றோர் அப்போது உயிரோடிருந்தனர். அவர்களைப் பிரிந்த துயரம் மகனின் நெஞ்சை வாட்டியது.

வழியிலே கடும் காய்ச்சல் கண்டது. சேணத்திலிருந்து விழுந்துவிடாதிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைக் கட்டிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார்கள். தூனிஸ் நகரை அடைந்தபோது ஊரார் திரண்டு வந்து, தத்தமக்கு அறிமுகமானோரை ஸலாம் கூறி வரவேற்றனர். அந்த இளைஞருக்கு ஸலாம் சொல்ல ஒருவரும் இல்லை. துக்கம் தாளாது அழுதுவிட்டார்கள். உடன் வந்த ஹாஜி ஒருவர் அதைக் கண்டு, அருகில் வந்து ஸலாம் கூறி ஆறுதல் மொழிந்தார். அதே ஆண்டில் தூனிஸிலிருந்து ஹஜ்ஜுக் கூட்டம் புறப்பட்டபோது, அதன் காஜியாக நியமிக்கப்பட்டவர் அழுது நின்ற அந்த இளைஞரே!

1326ஆம் ஆண்டு டமாஸ்கஸ் கூட்டத்தோடு சென்று முதல் ஹஜ்ஜை நிறைவேற்றினார்கள். பின்னர் இராக் நாட்டு ஹாஜிகளோடு, கலீஃபா ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஸுபைதா அம்மையார் நீர்நிலைகள் அமைத்த புகழ்பெற்ற பாதையில் சென்றார்கள். அக்கூட்டத்திலே ஏழைகளுக்கென்றே தண்ணீர் சுமந்த ஒட்டகங்கள் வந்தன. பெரிய செம்புப் பாத்திரங்களில் உணவு சமைத்து இல்லாதோர்க்கு வழங்கினர். நோயாளிகளுக்கு மருந்தும் சர்க்கரையும் உடன் கொண்டு சென்றனர். இரவில் தீப்பந்தங்களை ஏற்றி நடந்தனர். ஏதேனும் தேவைக்காக ஒதுங்கிச் சென்றவர், தாம் இருந்த இடத்துக்கு அடையாளம் வைத்துக்கொள்ளாவிடில், அதை மீண்டும் காண்பது அரிது. அத்தனை பெருங்கூட்டம் அது.

உப்பினால் ஒரு பள்ளிவாசல்

இப்படிக் கால் நூற்றாண்டுக்கு மேல் உலகைச் சுற்றிய பின்பும் அவர்களின் ஆவல் தணியவில்லை. சகாராவின் வடக்கு விளிம்பிலிருந்த சிஜில்மாஸா நகரத்திலிருந்து, ஹிஜ்ரி 753 முஹர்ரம் மாதத் தொடக்கத்தில், அதாவது 1352 பிப்ரவரியில், வணிகச் சாத்து ஒன்றோடு தெற்கு நோக்கிப் புறப்பட்டார்கள். சாத்தின் தலைவர், பாலைவனத்தைத் தாயகமாகக் கொண்ட மஸ்ஸூஃபா குலத்தவர். மூவர் பயணம் புறப்பட்டாலும் தம்முள் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ள வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையன்றோ!

25 நாட்கள் கழித்துத் தகாஸா என்னும் ஊரை அடைந்தனர். அங்கே மரமில்லை, பயிரில்லை. உப்புப் பாளங்களால் எழுப்பிய வீடுகள்; உப்புப் பாளங்களால் எழுப்பிய பள்ளிவாசல்; ஒட்டகத் தோலே கூரை. மண்ணைத் தோண்டினால் பாளம் பாளமாக உப்பு. குடிக்கும் நீரும் உப்புக் கரித்தது. உணவுக்கு வெளியூர்ப் பேரீச்சம்பழமும், தெற்கிலிருந்து வந்த தானியமும், ஒட்டக இறைச்சியுமே கதி. ஓர் ஒட்டகச் சுமை உப்பு வலாத்தா நகரில் 8 முதல் 10 மிஸ்கால் பொன்னுக்கு விலைபோயிற்று. மாலி நாட்டுத் தலைநகரிலோ 20 முதல் 30 மிஸ்கால், சில வேளைகளில் 40 மிஸ்கால் கூடக் கிடைத்தது.

ஆனால், அந்த உப்பை வெட்டியெடுத்தவர்கள் அடிமைகள். அந்த ஊரில் வசித்தவர்களும் அவர்களே. திரும்பி வரும்போது இப்னு பதூதா சேர்ந்து வந்த சாத்தில் ஏறத்தாழ 600 அடிமைப் பெண்கள் கொண்டுவரப்பட்டனர். இவற்றை அவர்கள் சாதாரணச் செய்தியாகவே பதிவு செய்திருக்கிறார்கள். பிலால் (ரலி) அவர்களை விடுதலை செய்த வரலாற்றைப் போற்றும் நாம், இதை வேதனையின்றிப் படிக்க இயலாது. அந்தப் பாதையின் செல்வத்தைப் பேசும்போது, அதைச் சுமந்தவர்களை மறந்துவிடுவது நீதியாகாது.

பின்தங்கிய ஒருவர்

தகாஸாவுக்கு அப்பால் பத்து நாட்கள் நீரற்ற வெளி. இறையருளால் அவ்வாண்டு மழை பெய்து ஆங்காங்கே நீர் தேங்கியிருந்தது. அந்தத் தைரியத்தில் பயணிகள் சிலர் சாத்துக்கு முன்னே சென்று, மேய்ச்சல் கண்ட இடங்களில் ஒட்டகங்களை மேயவிட்டு வந்தனர்.

அப்போதுதான் அந்தத் துயரம் நிகழ்ந்தது. இப்னு ஸீரி என்பவருக்கும் அவருடைய தாய்மாமன் மகனுக்கும் வாய்ச்சண்டை மூண்டது. மனம் கசந்த இப்னு ஸீரி சாத்தை விட்டுப் பின்தங்கினார். சாத்து இறங்கித் தங்கியபோது அவரைக் காணவில்லை. தடம் அறிந்த மஸ்ஸூஃபா மனிதர் ஒருவரைக் கூலிக்கு அமர்த்தித் தேடும்படி இப்னு பதூதா அந்த உறவினருக்கு ஆலோசனை கூறினார்கள். அவர் இணங்கவில்லை. மறுநாள் அக்குலத்தவர் ஒருவர் கூலியேதும் கேளாமல் தாமே தேடச் சென்றார். காலடித் தடம் பாதையில் சற்று வந்தது, பின் விலகிச் சென்றது. ஆளைப் பற்றிய செய்தி கிடைக்கவேயில்லை.

பின்பு எதிரே வந்த ஒரு சாத்தினர் தங்களிலும் சிலர் பிரிந்துவிட்டதாகக் கூறினர். அவர்களுள் ஒருவர் சிறு மரத்தடியில், கையில் சாட்டையோடு, இறந்து கிடந்தார். தண்ணீர் அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மைல் தொலைவிலேதான் இருந்தது! அதன் பிறகு இப்னு பதூதா சாத்துக்கு முந்தவுமில்லை, பிந்தவுமில்லை.

கூட்டத்தைப் பிரிந்தவனின் நிலையை அவர்கள் முன்பே அறிந்தவர்கள். 1342ஆம் ஆண்டு வட இந்தியாவில், இன்றைய அலிகார் அருகே, துணைவர்களைப் பிரிந்து பகைவர் கையில் சிக்கி, தப்பிப் பல நாட்கள் பசியோடு அலைந்தார்கள். முன்பின் அறியாத ஒருவர் தோளில் சுமந்து சென்றுதான் அவர்களைக் காத்தார்.

பார்வை குன்றிய வழிகாட்டி

தாஸரஹ்லா என்னும் நீர்நிலையில் சாத்தினர் மூன்று நாள் தங்கித் தோல்பைகளைச் செப்பனிட்டு நீர் நிரப்பினர். காற்று நீரை உறிஞ்சிவிடாதிருக்க முரட்டுத் துணியால் பைகளை மூடித் தைத்தனர். அங்கிருந்து தக்ஷீஃப் என்று அழைக்கப்படும் தூதர் ஒருவரை முன்னே அனுப்புவது வழக்கம். அவர் தன்னந்தனியாக வலாத்தாவுக்குச் சென்று, பயணிகளின் கடிதங்களை அவரவர் நண்பர்களிடம் சேர்ப்பார். நண்பர்கள் தங்குமிடம் ஏற்பாடு செய்து, தண்ணீரோடு நான்கு நாள் பயணத் தொலைவு எதிரே வருவர். நண்பரில்லாதவர், நல்லவரெனப் பெயர்பெற்ற வணிகருக்கு எழுதுவார். அவரும் அவ்வாறே உதவுவார். தக்ஷீஃப் வழியில் மாண்டால் ஊராருக்குச் செய்தி எட்டாது. சாத்தினர் எல்லாருமோ, அவர்களுள் பலரோ மடிய நேரிடும்.

அம்முறை 100 மிஸ்கால் பொன்னுக்கு அமர்த்தப்பட்ட தக்ஷீஃபுக்கு ஒரு கண்ணில் பார்வையில்லை, மறுகண்ணும் நோயுற்றிருந்தது. ஆயினும், காற்றிலே மணற்குன்றுகள் இடம் மாறும் அவ்வெளியில் வழியறிந்தோருள் அவரே சிறந்தவர். சாத்தினர் அனைவரின் உயிரும் அவருடைய நாணயத்தில் தங்கியிருந்தது. ஏழாம் நாள் இரவு தொலைவிலே நெருப்பு வெளிச்சம் தெரிந்தது. எதிர்கொள்ள வந்தவர்கள் மூட்டிய நெருப்பு அது! சிஜில்மாஸாவை விட்ட இரண்டாம் மாத முடிவில், ரபீஉல் அவ்வல் தொடக்கத்தில், சாத்து வலாத்தா சேர்ந்தது.

அங்கிருந்து மாலி வரை பாதை அச்சமற்றிருந்ததால் பெருங்கூட்டம் தேவைப்படவில்லை. வழிகாட்டி ஒருவரே போதுமானார். அந்நாட்டு மக்கள் அநீதியை வெறுத்ததையும், ஜும்ஆவுக்குத் தூய வெண்ணாடை அணிந்து திரண்டதையும், அங்கே இறந்த வெளிநாட்டவரின் பொருளைத் தொடாமல் நம்பிக்கைக்குரியவரிடம் ஒப்படைத்து உரியவர் வரும்வரை காத்ததையும் இப்னு பதூதா வியந்து பாராட்டியுள்ளார்கள்.

1354ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஃபெஸ் நகரம் திரும்பி, மன்னர் அபூ இனானின் ஆணைப்படி தம் பயணங்களைச் சொல்ல, இப்னு ஜுஸைய் என்னும் அறிஞர் நூலாக்கினார். 1355இல் அது நிறைவுற்றது. பின்னர் காஜியாகப் பணியாற்றி, 1368ஆம் ஆண்டையொட்டி இறையடி சேர்ந்தார்கள்.

வாசகர்களே! நம் குடும்பமும் மஹல்லாவும் ஒரு சாத்துப் போன்றவையே. சிறு சொல்லுக்காகப் பிரிந்து நிற்பவர் நம்மிடையேயும் உண்டு. அவர் வெகுதூரம் விலகிச் செல்லுமுன் தேடிச் செல்வது யார் பொறுப்பு? கூலி கேளாமல் தேடிச் சென்ற அந்தப் பெயர் தெரியாத மனிதரை நினைவில் வைப்போம். பிரிந்தோரைச் சேர்க்கும் நல்ல உள்ளத்தை அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.