இருண்ட வீடா, விளக்கேற்றிய வீடா?

தோழர்களே! பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டோம், பாடப்புத்தகமும் பையும் வாங்கிக் கொடுத்துவிட்டோம், இனி எல்லாம் வாத்தியார் பாடு என்று எண்ணுகிற பெற்றோர் நம்மில் ஏராளம். வாத்தியார் வேலையே பார்த்து வாழ்ந்த ஒரு பெரும் புலவர் அப்படி எண்ணவில்லை. பள்ளிக்கூடத்தில் தொடங்கும் படிப்பு வீட்டில் தொடராவிட்டால் வீணாகும் என்று கண்டவர் அவர். நம் புதுவை மண் பெற்றெடுத்த புரட்சிக் கவிஞர் பாரதிதாசன்தான் அவர்.

1891 ஏப்ரல் 29ஆம் நாள் புதுவையில், வணிகர் கனகசபைக்கும் இலக்குமி அம்மையாருக்கும் பிறந்த பிள்ளைக்குச் சுப்புரத்தினம் என்று பெயர். திண்ணைப் பள்ளியில் எழுத்தறிந்தார். பங்காரு பத்தர், பெரியசாமிப் பிள்ளை ஆகிய புலவர்களிடம் தமிழ் இலக்கணமும் இலக்கியமும் கற்றார். 1909இல், பதினெட்டு வயதிலேயே, காரைக்காலை அடுத்த நிரவியில் அரசுப் பள்ளித் தமிழாசிரியர் ஆனார். கையில் தேர்ச்சி இருந்தது; மாதம் பிறந்தால் சம்பளம் இருந்தது. இனி எதற்குப் படிப்பு என்று அவர் ஏட்டை மூடி வைத்திருக்கலாம். வைத்தாரா?

வைக்கவில்லை. அந்நாளில் வெள்ளையனின் அடக்குமுறைக்குத் தப்பிப் பாரதியார் புதுவையில் தங்கியிருந்தார். வேணு நாயக்கர் வீட்டுத் திருமணத்தில் சுப்புரத்தினம் பாரதியாரின் பாடலையே பாட, பாரதியாரோ முன்னே அமர்ந்து கேட்டுக் கொண்டிருந்தார். அன்று தொடங்கியது நட்பு. புலவர்க்கு மட்டுமே விளங்கும் கடுநடையில் ஊறியிருந்த இளைஞர், வண்டிக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் விளங்கும் தமிழை அங்கே கற்றார். தேர்வு எழுத அல்ல. யாரும் மதிப்பெண் போடவும் இல்லை. பட்டம் பெற்ற பிறகு, தாமே தேடிப் படித்த அந்தப் படிப்புதான் சுப்புரத்தினத்தைப் பாரதிதாசன் ஆக்கிற்று.

புதுவை, காரைக்கால் பகுதிகளில் ஊர் ஊராக மாற்றப்பட்டுப் பணியாற்றினார். கதர்த் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்றார். பின்னர்ப் பெரியாரின் தன்மான இயக்கத்தில் சேர்ந்து, சாதியையும் மூடப்பழக்கத்தையும் பாட்டால் சாடினார். 1938இல் அவருடைய கவிதைகளின் முதல் தொகுதி வெளிவந்தது. ஆசிரியப் பணியிலிருந்து அவர் ஓய்வு பெற்றது 1946இல். இடையே ஓடியவை 37 ஆண்டுகள்!

இத்தனை ஆண்டு பிள்ளைகளோடு பழகியவர் எழுதிய இரண்டு நூல்களைத் தோழர்கள் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்று, 1942இல் முதற்பகுதி வந்த குடும்ப விளக்கு. அதில் வரும் தங்கம், விடியுமுன் எழுகிறாள்; வீட்டு வேலை பார்க்கிறாள்; பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லித் தருகிறாள்; கணவனின் கடைக் கணக்கையும் கவனிக்கிறாள். கற்ற பெண் இருக்கும் வீடே ஒரு பள்ளிக்கூடம் என்று காட்டுகிறது அந்த நூல். மற்றொன்று, 1944இல் வந்த இருண்ட வீடு. அங்கே ஆள் இருக்கிறார்கள், பொருள் இருக்கிறது. அறிவு மட்டும் இல்லை. சிரிக்கச் சிரிக்கத் தொடங்கும் கதை சீரழிவில் முடிகிறது. எண்ணெய் இல்லாததால் இருண்ட வீடன்று அது. எழுத்து இல்லாததால் இருண்ட வீடு!

வீட்டோடு அவர் நிற்கவில்லை. புத்தகசாலை என்னும் பாட்டில், நாலைந்து தெருவுக்கு ஒரு நூலகம் கேட்டார். படிக்க வருகிறவனை மதித்து, இருக்கை தந்து உட்கார வைக்க வேண்டும் என்றும் கேட்டார். யாரை எண்ணிக் கேட்டார்? வீட்டில் அலமாரி வைத்துப் புத்தகம் அடுக்கக்கூடியவனையா? காசு கொடுத்துப் புத்தகம் வாங்க இயலாத ஏழையை எண்ணியல்லவா கேட்டார்!

1955இல் புதுவைச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1964 ஏப்ரல் 21ஆம் நாள் சென்னையில் மறைந்தார். அவர் மகன் மன்னர்மன்னன் எழுத்தாளராகித் தந்தையின் வாழ்க்கை வரலாற்றையே எழுதினார். புதுவைப் பெருமாள் கோயில் தெருவில் கவிஞர் வாழ்ந்த வீடு நினைவில்லமாக நிற்கிறது.

நினைவில்லம் நகரத்தில் இருக்கிறது. வில்லியனூரிலும் பாகூரிலும் நம் வீடுகள் எப்படி இருக்கின்றன?

பாகூருக்குக் கல்வியில் பழம்பெருமை உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கன் காலத்துச் செப்பேடு, பாகூர்க் கல்லூரிக்கு மூன்று ஊர்களைக் கொடையாகத் தந்ததைச் சொல்கிறது. நெல் விளைத்தவன் உழவன். அங்கே கற்றவர் வேதியர். இன்று உழவன் பிள்ளைக்கும் பள்ளிக் கதவு திறந்திருக்கிறது. திறந்த கதவுக்குள் நுழைந்த பிள்ளை, மாலையில் வீடு திரும்பியதும் ஏட்டை மூடிவிட்டால், பெற்ற உரிமையால் பயன் என்ன?

வேலை முடிந்து வந்தால் நேரம் ஏது என்று கேட்பீர்கள். அந்த நேரம் சும்மா கிடைத்ததா? 1936 ஜூலை 30ஆம் நாள் புதுவை ஆலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். அதன் பின்னரே எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. ஆலைக்குக் கொடுத்தது போக மிஞ்சிய பொழுது, இரத்தம் சிந்தி வாங்கிய பொழுது. அதில் அரை மணியைப் பிள்ளைக்குத் தரக்கூடாதா?

1954 அக்டோபர் 18ஆம் நாள், வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். வாக்குச் சீட்டு பிறகு நம் எல்லார் கைக்கும் வந்தது. அதைப் படித்தறிந்து போடுகிறவன் குடிமகன். பிறர் சொல்லக் கேட்டுப் போடுகிறவன் கைப்பாவை.

ஆகவே தோழர்களே, செய்ய வேண்டியது பெரிதல்ல. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி, கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் அணைத்து வையுங்கள். பாடப்புத்தகம் அல்லாத ஒரு நூலைப் பிள்ளை தானே தேர்ந்து படிக்கட்டும். எழுத்தறியாத தந்தையானால், நாளேட்டை நீட்டி உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்கும் காது இருந்தால் படிக்கும் வாய் ஓயாது. மகனை ஏட்டின் முன்னும் மகளை அடுப்பின் முன்னும் உட்கார வைக்காதீர்கள். நம் மன்றங்களில் கொடி பறந்தால் மட்டும் போதாது. பத்து நல்ல நூல்கள் இருக்க வேண்டும், பிள்ளைகள் அவற்றை வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

பாவேந்தர் படத்துக்கு மாலை போடுகிறோம்; போடுவோம். அவர் கேட்டதோ மாலையல்ல, வீட்டுக்கு ஒரு விளக்கு. ஏற்றுவோம்!