முக்கோணங்களோடு இடம்பெயர்ந்த மனிதர்

பொறியியல் படிக்கும் என் மச்சாள் போன மாதம் தன் மடிக்கணினியில் ஒரு படம் காட்டினாள். முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர்கள் அணியும் செயற்கைக் காலின் மேற்பகுதி அது. வெட்டுப்பட்ட கால் போய் உட்காரும் கிண்ணம். அந்தக் கிண்ணம் முழுவதும் ஆயிரக்கணக்கான நான்முகிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நான்கு முக்கோண முகங்கள் கொண்ட சிறு திண்மத்தைத்தான் நான்முகி என்கிறார்கள். நடக்கும்போது எந்த இடத்தில் அழுத்தம் கூடும், எங்கே தோல் புண்ணாகும் என்பதைக் காலைச் செய்வதற்கு முன்னரே கணிக்கலாமாம்.

ஊடகக் கற்கை படித்த எனக்குக் கணக்கு வெகு தூரம். ஆனால் ஷெல்லடியில் காலை இழந்து, பொருந்தாத செயற்கைக் காலோடு வருடக்கணக்காகப் புண்ணைச் சுமக்கும் மாமா ஒருவர் எங்கள் குடும்பத்தில் இருக்கிறார். இப்படிப் பிரித்துக் கணிக்கும் யோசனை யாருடையது என்று தேடினேன். கிடைத்தது ஓர் அகதியின் கதை. அவர் பெயர் ரிச்சர்ட் கூரன்ட்.

1888 ஜனவரி 8ஆம் திகதி லுப்லினிட்ஸ் என்ற சிறு நகரில், யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். அன்று ஜேர்மனிக்குள் இருந்த அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. தகப்பனின் வியாபாரம் நொடித்தது. 14 வயதிலேயே மற்றப் பிள்ளைகளுக்கு ரியூஷன் கொடுத்துத் தன் செலவைத் தானே பார்த்தார். பெற்றோர் பெர்லினுக்குப் போன பின்னும் பிரெஸ்லவ் நகரில் தனியே நின்று படித்தார். பின்னர் கொட்டிங்கன் பல்கலைக்கழகத்தில், புகழ்பெற்ற கணிதர் டேவிட் ஹில்பேர்ட்டிடம் படித்து 1910இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

முதலாம் உலகப் போரில் ஜேர்மன் இராணுவத்தில் போர்முனைக்குப் போனார். 1915இல் காயப்பட்டார். பதுங்குகுழிகளுக்கு இடையிலான தொலைபேசிக் கம்பிகள் எறிகணைகளில் அறுந்துகொண்டே இருந்ததைக் கண்டவர், மண்ணையே கம்பியாக்கித் தந்தி அனுப்பும் கருவியொன்றை உருவாக்குவதில் ஈடுபட்டார். போர் முடிந்ததும் கொட்டிங்கனுக்குத் திரும்பி அங்கே கணித நிறுவனத்தைக் கட்டியெழுப்பினார். ரொக்பெல்லர் நிதியில் எழுந்த அதன் புதிய கட்டடம் 1929இல் திறக்கப்பட்டது.

நான்கே வருடங்களில் எல்லாம் போயிற்று. 1933 ஏப்ரலில் ஹிட்லர் அரசு யூதர்களை அரச பதவிகளிலிருந்து நீக்கச் சட்டம் கொண்டுவந்தது. போர்முனையில் நின்றவர்களுக்கு அதில் விலக்கு இருந்தது. கூரன்ட் நின்றது மட்டுமல்ல, காயமும் பட்டவர். ஆனாலும் மே மாதம் அவரைக் கட்டாய விடுப்பில் அனுப்பினார்கள். சக கணிதர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த மனுவும் பலிக்கவில்லை. ஒரு வருடம் கேம்பிரிட்ஜில் இருந்துவிட்டு, 1934இல் மனைவி நீனாவோடும் நான்கு பிள்ளைகளோடும் நியூயோர்க் போய்ச் சேர்ந்தார். ஐரோப்பாவில் நின்ற மைத்துனி எடித் ஸ்டைன் 1942இல் அவுஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார்.

புதிய நாட்டில் அவர் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். 1941இல் நிகழ்த்திய ஓர் உரை 1943இல் கட்டுரையாக வெளிவந்தபோது, அதன் பின்னிணைப்பில் ஒரு சிறிய கணக்கைச் சேர்த்தார். உள்ளே சதுரமான வெற்றிடம் கொண்ட தண்டொன்றை முறுக்கினால் என்ன நடக்கும் என்பதே கேள்வி. அதன் குறுக்குவெட்டு முழுவதற்கும் ஒரே சூத்திரம் எழுதுவது கடினம். எனவே அதை முக்கோணங்களாகப் பிரித்தார். ஒவ்வொன்றுக்குள்ளும் மாற்றம் நேர்கோட்டில் போகிறதென எடுத்துக்கொண்டு, ஒன்றோடொன்று விலகாதபடி மூலைகளில் இணைத்தார். முக்கோணங்களைச் சிறிதாக்கச் சிறிதாக்க விடை உண்மைக்குக் கிட்டப் போகும்.

அப்போது அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1950களில் விமானப் பொறியியலாளர்கள் தங்கள் வழியில் அதே இடத்துக்கு வந்தார்கள். 1960இல் ரே கிளஃப் அதற்கு முடிவுறு மூலக முறை என்ற பொருளில் பெயர் வைத்தார். தட்டையான பரப்புக்கு முக்கோணம் போல, திண்மப் பொருளுக்கு நான்முகி.

மச்சாளின் தலையிடி இங்கேதான். நான்முகிகளைக் கண்டபடி போட முடியாது. நான்கு மூலைகளும் கிட்டத்தட்ட ஒரே தளத்தில் படுத்துவிட்டால் விடை பிழைக்கும். 1934இல் ரஷ்யக் கணிதர் போரிஸ் டெலோனே வெளியிட்ட விதியைத்தான் மென்பொருள்கள் பலவும் துணைக்கு எடுக்கின்றன. ஒரு நான்முகியின் நான்கு மூலைகளையும் தொடும் கோளத்துக்குள் வேறு புள்ளி எதுவும் வரக்கூடாது என்பது அந்த விதி. அதையும் தாண்டிச் சில தட்டையான துண்டுகள் தப்பிவிடும். அவற்றைத் தேடித் திருத்திக்கொண்டிருந்தாள்.

போர் முடிந்தபின் 1947இல் கூரன்ட் கொட்டிங்கனுக்குப் போய்ப் பார்த்தார். அங்கே குடியேறவில்லை. நியூயோர்க்கில் அவர் கட்டியெழுப்பிய நிறுவனத்துக்கு 1964இல் அவருடைய பெயரையே வைத்தார்கள். 1972 ஜனவரி 27ஆம் திகதி, 84ஆவது வயதில் காலமானார்.

மாமாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், மச்சாளின் கணக்கு எப்போது முடியும் என்று மட்டும் விசாரித்தார்.