வித்தியாசாகரரின் வரவும் செலவும்

நூல் எழுதுவோன் வறியவனாகவே இருக்க வேண்டும் என்பது நம் நாட்டில் வெகுகாலமாக நிலவிவரும் ஓர் எண்ணம். தான் எழுதிய புத்தகத்தைத் தானே அச்சிட்டுத் தானே விற்பது இழிவென்றும், பிரபுக்களின் சன்மானத்தை எதிர்பார்த்திருப்பதே கௌரவமென்றும் கருதிய புலவர் பலர். அங்ஙனமே, பொதுஜன சேவையில் இறங்கியவர் தம் கைப்பொருளைப் பற்றி நினைக்கலாகாது என்றும், பிறர் தரும் நன்கொடையே அவருக்கு ஊன்றுகோல் என்றும் சொல்லுவோர் உளர். இவ்விரண்டு எண்ணங்களும் எவ்வளவு பிழையானவை என்பதை அறிய விரும்புவோர், வங்காளத்துப் பண்டிதர் ஈசுவர சந்திர வித்தியாசாகரருடைய வரவு செலவுக் கணக்கை ஒருமுறை நோக்கினால் போதும். விதவா விவாகத்துக்குச் சட்டம் தேடித் தந்தவர் என்று அவரை எல்லோரும் அறிவர். அச்சட்டத்தைக் காரியத்தில் கொண்டுவர அவர் செலவிட்ட பணம் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தவர் சிலரே.

ஈசுவர சந்திரர் 1820-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் தேதி வீரசிங்கம் என்னும் கிராமத்தில் பிறந்தார். இக்காலத்தில் அவ்வூர் மேற்கு வங்காளத்தின் மேதினிபூர்ப் பகுதியில் உள்ளது. தந்தையார் தாகூர்தாஸ் வந்த்யோபாத்தியாயர். தாயார் பகவதி தேவி. தந்தையார் சிறு வயதிலேயே பிழைப்புத் தேடிக் கல்கத்தா வந்தவர். ஒரு நாள் பசி பொறுக்கமாட்டாமல், தம்மிடமிருந்த பித்தளைத் தட்டையும் செம்பையும் விற்கக் கடைகடையாக அலைந்தார். முன்பின் அறியாதவனிடம் பழம்பாத்திரம் வாங்கினால் வம்பு வந்து சேரும் என்று கடைக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். மற்றொரு நாள், பொரி விற்கும் ஒரு விதவையின் கடை முன் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவ்வம்மையார் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பசியை உணர்ந்து, பொரியும் தயிரும் தந்து உண்பித்தார். இச்சம்பவத்தை வித்தியாசாகரரே தாம் எழுதத் தொடங்கி முடிக்காது விட்ட சுயசரிதத்தில் குறித்து வைத்திருக்கிறார். பிற்காலத்தில் விதவைகளுக்காக அவர் வாரியிறைத்த பணத்தின் கணக்கு, அந்தப் பொரிக்கடையிலேயே தொடங்கிவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது.

எட்டு வயதுப் பாலகனாகத் தந்தையாருடன் கல்கத்தாவுக்கு நடந்து வருகையில், சாலையோர மைல்கற்களைப் பார்த்தே ஆங்கில எண்களைக் கற்றுக்கொண்டார் என்பது பிரசித்தமான கதை. 1829 முதல் 1841 வரையில் கல்கத்தா சம்ஸ்கிருத கலாசாலையில் பயின்று, வித்தியாசாகரர் என்னும் பட்டத்தையும் பெற்றார். 1841-இல் கோட்டை வில்லியம் கலாசாலையில் மாதம் 50 ரூபாய்ச் சம்பளத்தில் தலைமைப் பண்டிதரானார். உத்தியோகம் கிடைத்ததும் அவர் செய்த முதற்காரியம், தந்தையாரை வேலையினின்று விடுவித்து ஊருக்கு அனுப்பியதேயாகும். மாதந்தோறும் 20 ரூபாய் வீட்டுக்குச் சென்றது. மீதியில் கல்கத்தாவில் தம்முடனிருந்த சகோதரரையும் உறவினரையும் போஷித்தார்.

1846-இல் சம்ஸ்கிருத கலாசாலையின் உதவிக் காரியதரிசியானார். பாட முறையைத் திருத்த அவர் வகுத்த ஏற்பாடுகளைக் காரியதரிசி முழுமனதோடு ஏற்கவில்லை. 1847-இல் வேலையை உதறிவிட்டார். இனி எவ்வாறு பிழைப்பான் என்று சிலர் பேசிக்கொண்டபோது, காய்கறி விற்றாவது பிழைக்கலாமேயன்றி, மதிப்பில்லாத இடத்தில் ஊழியம் செய்ய இயலாது என்று அவர் தெரிவித்ததாகச் சொல்லுவர். ஆயினும் அவர் திறந்தது காய்கறிக் கடையன்று, அச்சுக்கூடம்.

தம் நண்பர் மதனமோகன தர்க்காலங்காரருடன் கூட்டாகச் சேர்ந்து, வேறொரு நண்பரிடம் 600 ரூபாய் கடன் வாங்கி, சம்ஸ்கிருத அச்சுக்கூடத்தை நிறுவினார். முதலில் அச்சிட எடுத்துக்கொண்ட நூல் பாரத சந்திரர் இயற்றிய அன்னதாமங்கலம். கிருஷ்ணநகர் அரண்மனையிலிருந்து மூல ஏட்டை வருவித்துப் பிழையறப் பதிப்பித்தார். கோட்டை வில்லியம் கலாசாலையார் அதில் 100 பிரதிகளை 600 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டனர். வாங்கிய கடன் அத்துடன் தீர்ந்தது. பின்னர்க் கூட்டாளிகள் இருவருக்கும் மனவேற்றுமை உண்டாக, அச்சுக்கூடம் வித்தியாசாகரர் ஒருவருக்கே உரியதாயிற்று.

அவர் செய்த ஏற்பாட்டின் நுட்பத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். நூலாசிரியன் ஒருவன் பிறர் அச்சுக்கூடத்தில் புத்தகம் போட்டால், அச்சுக்கூலி ஒருவனுக்குப் போகிறது. விற்பனைக் கழிவு மற்றொருவனுக்குப் போகிறது. கடன்காரனுக்கு வட்டி கொடுத்தபின் எழுதியவனுக்கு எஞ்சுவது, விற்காத பிரதிகளின் மூட்டையே. வித்தியாசாகரர் எழுத்து, அச்சு, விற்பனை ஆகிய மூன்றையும் தம் கையிலேயே வைத்துக்கொண்டார். அச்சுக்கூடத்தோடு சம்ஸ்கிருத அச்சகப் புத்தக நிலையம் என்னும் கடையையும் ஏற்படுத்தினார். பிற ஆசிரியர்களின் புத்தகங்களும் அங்கே விற்பனைக்கு வந்தன. அச்சுத் தொழிலிலும் அவர் மேலெழுந்தவாரியாக நிற்கவில்லை. வங்க எழுத்துக்களை அச்சுக்கோப்பவனின் கைக்கு எளிதில் எட்டுமாறு அறைகளில் அடுக்கும் முறையொன்றை வகுத்தார். அம்முறை அவர் பெயராலேயே அச்சுக்கூடங்களில் வழங்கலாயிற்று.

வேதாள பஞ்சவிம்சதி, போதோதயம், சம்ஸ்கிருத இலக்கண உபக்கிரமணிகை, சகுந்தலை, கதாமாலை, சீதையின் வனவாசம் என நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. இவை எல்லாவற்றுக்கும் சிகரமாய் அமைந்தது 1855-இல் இரண்டு பாகங்களாக வெளியான வர்ணபரிசயம் என்னும் சிறுவர் அரிச்சுவடி. பாடசாலைகளைப் பார்வையிடப் பல்லக்கில் செல்லும் வழியிலேயே அதை எழுதினார் என்பர். வங்காளிக்கு வேண்டாத பழைய சம்ஸ்கிருத எழுத்துக்களை நீக்கி, நெடுங்கணக்கை ஒழுங்குபடுத்தி, எளிய சொற்களில் பாடம் அமைத்தார். ஏழைக் குடியானவனும் வாங்கத்தக்க விலையில் அது விற்கப்பட்டது. 1890-க்குள் அதன் முதற்பாகம் மட்டும் 150 முறைக்குமேல் அச்சாயிற்று. புத்தகங்களிலிருந்து அவருக்குக் கிடைத்த வருமானம் ஒரு காலத்தில் மாதம் 3,000 ரூபாயைத் தாண்டியது என்று அவர் சரித்திரம் எழுதினோர் கணக்கிட்டிருக்கின்றனர். பெரிய சம்பளப் பிரபுவின் கையொப்பத்தால் வந்த பணமன்று அது. ஏழைத் தகப்பன் தன் பிள்ளையின் கல்விக்காக முடிச்சவிழ்த்துத் தந்த அணாக்களால் திரண்ட பணம் அது.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழலாம். 1851 முதல் அவர் சம்ஸ்கிருத கலாசாலைத் தலைவர். பின்னர்ப் பாடசாலைகளின் விசேஷப் பரிசோதகருமானார். தாம் மேற்பார்க்கும் பாடசாலைகளில் தம் புத்தகங்களே பாடமாவது முறையா? இந்தக் கேள்வி நியாயமானதே. உத்தியோகம் விற்பனைக்கு உதவவில்லை என்று நாம் சொல்லப்போவதில்லை. ஆயின் 1858-க்குப் பின்னும் அப்புத்தகங்கள் முன்னிலும் அதிகமாக விற்றமையே அவற்றின் தகுதிக்குத் தக்க சான்று.

1858-இல் நடந்தது இது. லெப்டினன்ட் கவர்னரின் வாய்ச்சொல்லை நம்பி, சில மாதங்களுக்குள் 35 பெண் பாடசாலைகளை அவர் கிராமங்களில் திறந்தார். சுமார் 1,300 சிறுமியர் படிக்க வந்தனர். மேலிடத்துச் சர்க்கார் பண உத்தரவு அளிக்க மறுத்தது. உபாத்தியாயர்களுக்குச் சேரவேண்டிய மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய் வித்தியாசாகரரின் தலையில் விழுந்தது. பல மனுக்களுக்குப் பிறகு அந்நிலுவையைச் சர்க்கார் கொடுத்ததேயன்றி, பாடசாலைகளைத் தாங்க முன்வரவில்லை. கல்வி இலாகாத் தலைவரோடு ஏற்கெனவே வேற்றுமை முற்றியிருந்தது. மாதம் 500 ரூபாய் வந்துகொண்டிருந்த உத்தியோகத்தை அவ்வருஷம் நவம்பரில் துறந்தார். அக்காலத்தில் ஓர் இந்தியனுக்கு 500 ரூபாய் என்பது அற்பமன்று. அதை விட்டெறியும் துணிவை அவருக்கு அளித்தது அச்சுக்கூடமேயாம். கையில் சொந்தத் தொழில் இல்லாதிருந்தால், அவருடைய ரோஷம் ஒரு நாள் பேச்சாக முடிந்திருக்கும். அல்லது குடும்பம் பட்டினியில் ஆழ்ந்திருக்கும்.

இனிச் செலவைப் பார்ப்போம். விதவா விவாகம் சாஸ்திர சம்மதமே என்று 1855 ஜனவரியில் அவர் வெளியிட்ட சிறு நூலின் 2,000 பிரதிகள் ஒரு வாரத்துக்குள் விற்றுப்போயின. 1856 ஜூலை 26-ஆம் தேதி சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு டிசம்பர் 7-ஆம் தேதி கல்கத்தா சுகியா வீதியில் முதல் விவாகம் நடைபெற்றது. கலகத்துக்கு அஞ்சிப் போலீஸ் காவல் வைக்க வேண்டியிருந்தது. சட்டம் இயற்றியவர்கள் அத்துடன் ஓய்ந்தனர். மணமக்களைச் சாதியார் விலக்கினபோது சோறும் வீடும் தேடிக் கொடுக்கும் பாரம் வித்தியாசாகரரைச் சேர்ந்தது. துணை நிற்பதாக வாக்களித்த செல்வர் பலர் மெல்ல நழுவினர். 1867-க்குள் சுமார் 60 விவாகங்களுக்கு 82,000 ரூபாய் செலவாயிற்று என்று ஒரு கணக்குக் கூறுகிறது. பணத்தாசையால் விதவையை மணந்து, பின்பு அவளைக் கைவிட்ட வஞ்சகரும் உண்டு. அவருடைய ஈகையை அறிந்து அதனையே ஏமாற்றும் தொழிலாகக் கொண்டவர்கள் அவர்கள்.

1864-இல் மகாகவி மைக்கேல் மதுசூதன தத்தர், பாரிஸ்டர் படிப்புக்குச் சென்ற இடத்தில், ஊரிலிருந்து வரவேண்டிய பணம் வராமையால் பிரான்ஸில் வெர்ஸேல்ஸ் நகரில் மனைவி மக்களுடன் தவித்தார். கடனுக்காகச் சிறை செல்லும் நிலைமை. அவரிடமிருந்து கடிதம் வந்ததும் வித்தியாசாகரர் 1,500 ரூபாயை முதலில் அனுப்பினார். மேலும் அனுப்பத் தம்மிடம் பணமில்லாதபோது, பிறரிடம் தம் பெயரில் கடன் வாங்கி அனுப்பினார். 1866-இல் பஞ்சம் வந்தபோது வீரசிங்கத்தில் அன்னசத்திரம் அமைத்து மாதக்கணக்கில் ஊருக்குச் சோறிட்டார்.

வரவைச் செலவு மிஞ்சிவிட்டது. 1867-இல் அவருடைய கடனைத் தீர்ப்பதற்காக நண்பர்கள் பத்திரிகை வாயிலாக நிதி திரட்ட முற்பட்டனர். அவர் அதைப் பகிரங்கமாக மறுத்தார். விதவா விவாகத்துக்காகப் பட்ட கடன் தம்முடையதே என்றும், அதைத் தாமே தீர்க்கப்போவதாகவும் பத்திரிகையில் அறிவித்தார். சொன்னபடியே செய்தார். 1869-இல் தம் அச்சுக்கூடத்தின் மூன்று பங்குகளில் இரண்டைப் பங்குக்கு 4,000 ரூபாயாக விற்றார். உத்தியோகத்தை உதறியபோது தம்மைத் தாங்கி நின்ற அச்சுக்கூடத்தை விற்கும்போது அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! ஆனால் புத்தகங்களின் உரிமையை அவர் விடவில்லை. அதனால்தான் கடன் சிறிது சிறிதாகத் தீர்ந்தது.

அவர் நடத்திய மெட்ரோபாலிடன் வித்தியாசாலையின் கதை தேசாபிமானிகள் அனைவரும் அறியத்தக்கது. ஐரோப்பிய ஆசிரியரின்றி உயர்தர ஆங்கிலக் கல்வி புகட்ட இயலாது என்று பலர் நம்பியிருந்த காலத்தில், இந்திய ஆசிரியர்களை மாத்திரம் கொண்டு 1872-இல் அதைக் காலேஜாக உயர்த்தினார். 1879-இல் பி. ஏ. வகுப்பும் தொடங்கிற்று. சிவில் சர்வீஸிலிருந்து விலக்கப்பட்டு 1875-இல் தாயகம் திரும்பிய சுரேந்திரநாத் பானர்ஜியை, மாதம் 200 ரூபாய்ச் சம்பளத்தில் ஆங்கில ஆசிரியராக அமர்த்தியவர் வித்தியாசாகரரே. பின்னாளில் இருமுறை காங்கிரஸ் மகாசபையின் அக்கிராசனம் வகித்த தலைவருக்கு, சர்க்கார் கைவிட்ட வேளையில் ஒரு மேடை தந்தது இந்தச் சுதேசி வித்தியாசாலை. வித்தியாசாகரர் கல்லூரி என்னும் பெயருடன் அது இன்றும் விளங்குகிறது.

தமக்கென அவர் செலவிட்டது மிகச் சொற்பம். முரட்டு வேட்டி, சாதர், சாதாரணச் செருப்பு, இவையே அவர் உடை. ஒன்றில் மட்டும் அவர் ஆடம்பரக்காரர். தம் புத்தகங்களுக்கு விலையுயர்ந்த தோல் கட்டடம் போட்டு வைப்பார். இதேன் வீண்செலவென்று கேட்ட ஒரு கனவானிடம், அவர் அணிந்திருந்த சால்வையையும் பொற்சங்கிலியையும் சுட்டி, கம்பளமும் கயிறும் அவ்வேலையைச் செய்யாவோ என்று வினவினாராம். முதுமையில் மனக்கசப்பு அவரைப் பற்றியது. உறவினரோடு பிணக்கு, மகனோடும் பிணக்கு. கர்மாடாரில் சந்தாலர்களிடையே ஒரு வீடு வாங்கி, அவர்களுக்கு மருந்து கொடுத்துக்கொண்டு ஆறுதல் தேடினார். 1875-இல் எழுதிய மரண சாசனத்தில் மகனை ஒதுக்கிவிட்டு, உறவினரும் அந்நியருமாகிய பலருக்கு மாதப்படி ஏற்படுத்தினார். 1891 ஜூலை 29-ஆம் தேதி காலகதி அடைந்தார்.

அவருடைய செலவு முறையைக் குறையற்றதென்று நாம் புகழவில்லை. தகுதி பாராது கொடுத்தார். பொது நிதியாலும் சங்கத்தாலும் தாங்கவேண்டிய பாரத்தைத் தனியொருவராகத் தாங்கினார். அவர் தளர்ந்தபோது இயக்கமும் தளர்ந்தது. ஆயினும் அவரிடமிருந்து நாம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. தன் எழுத்துக்கு நியாயமான விலை பெறுவது எழுத்தாளனுக்கு இழிவன்று. எந்தச் சர்க்காரிடமும் எந்தச் சீமானிடமும் நாவை அடகுவைக்காமலிருக்க அவனுக்குள்ள கவசம் அதுவே. பழைய சென்னை ராஜதானியில் ராஜமகேந்திரவரத்தில் 1881-இல் விதவா விவாகம் நடத்திவைத்து, தென்னாட்டு வித்தியாசாகரர் என்று பேர்பெற்ற வீரேசலிங்கம் பந்துலுவும், சொந்த அச்சுக்கூடமும் சொந்தப் பத்திரிகையும் கொண்டே ஊராரை எதிர்த்து நின்றார்.

தேச சேவையில் புகும் இளைஞர்கள் இதனை மனத்திற்கொள்ள வேண்டும். முதலில் நேர்மையான தொழிலொன்றில் காலூன்றுங்கள். அதன் வரவை ஒளியாதீர்கள். அதன் செலவில் நாட்டுக்கு முதற்பங்கு வையுங்கள். கொடுப்பதற்குமுன் கணக்குப் பாருங்கள். கொடுத்தபின் அதைப் பிறர் தலையில் கட்டாதீர்கள். அரிச்சுவடி விற்ற பணத்தில் ஒரு சமூகத்தின் கண்ணீரைத் துடைத்த பண்டிதரின் வாழ்க்கை நமக்கு விட்டுச்சென்ற பாடம் இது.